டை கட்டாத கழுத்து

மதுரைச் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை, டை, கறுப்பு ஷூ என்று ஒருவர் பைக்கில் போனால், அவர் பெரும்பாலும் மெடிக்கல் ரெப்பாக இருப்பார். இருபது வருஷத்துக்கு மேல் நானும் அப்படித்தான் போனேன். கே.கே.நகர், அண்ணா நகர் கிளினிக்குகள். லைன் போகும், அதாவது வெளியூர் சுற்றும் நாட்களில் உசிலம்பட்டி, தேனி, போடி. டாக்டர் கூப்பிடும்வரை வெளியே நிற்க வேண்டும். உள்ளே கிடைக்கும் இரண்டு நிமிஷத்தில் மருந்தைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியதும் தலைக்குச் சாயம் பூசுவதும் வேலையோடு சேர்ந்துகொண்டது.

47 வயதில் அதை விட்டுவிட்டு, செக்கானூரணிப் பக்கம் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து மரச்செக்கு போட்டேன். நான் விற்ற மருந்து ஒன்றைக்கூட அது தயாராகும் இடத்தில் பார்த்ததில்லை. இனிமேல் விற்கும் பொருள் என் கண்முன்னால் உருவாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் மனைவி, "என்னங்க, கணக்கு நான் பாத்துக்கிறேன், நீங்க சரக்கைப் பாருங்க" என்று சொன்ன அன்றைக்கே முடிவாகிவிட்டது.

செக்கு வாகை மரத்தில் செய்தது. மோட்டார்தான் ஓட்டுகிறது, ஆனால் மெதுவாகச் சுற்றும். 100 கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டினால் ஏறக்குறைய 40 லிட்டர் எண்ணெய் கிடைக்கும், மிச்சம் புண்ணாக்கு. ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோ பருப்பு என்றாகிறது. செக்கு எண்ணெய் ஏன் இந்த விலை என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன். புண்ணாக்கை மாடு வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிப் போவதால் விலை கொஞ்சம் இறங்குகிறது. எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்போம். எண்ணெய் நன்றாகப் பிரியும், கசப்பும் தட்டாது. கொப்பரை கந்தகப் புகை போடாததாக இருக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று பளபளத்தால் நான் வாங்குவதில்லை. ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துக் கசடு தெளிந்த பிறகுதான் பாட்டிலில் அடைக்கிறோம்.

அப்புறம் உடை. செக்குக்காரன் என்றால் வேட்டி என்று நினைத்து, நல்ல நாலு முழ வேட்டிகளாக வாங்கி வைத்திருந்தேன். எங்கள் செக்கை ஓட்டும் பெரியவர் பார்த்துவிட்டு, "தம்பி, உள்ள வேட்டி வேணாம். பெல்ட்டு இழுத்துரும். தோள்ல துண்டும் ஆகாது" என்றார். செக்கடியில் தொங்குகிற துணி எதுவும் இருக்கக் கூடாது. அதனால் இப்போது கணுக்காலோடு நிற்கும் பருத்தி பேன்ட், அரைக்கைச் சட்டை, எண்ணெய்த் தரையில் வழுக்காத ரப்பர் செருப்பு. சட்டையெல்லாம் கரும்பச்சை, கத்தரிப்பூ நிறம், இல்லையென்றால் காப்பிக்கொட்டை நிறம், எண்ணெய்க் கறை தெரியாது. திருமங்கலத்தில் எனக்குத் தைக்கும் டெய்லரிடம் சொல்லி, சட்டைப் பைக்கு மூடி வைத்துத் தைத்துக்கொண்டேன். குனிந்தால் போன் செக்கில் விழாது. தலைச்சாயத்தை நிறுத்திவிட்டேன். பழைய டைகள் பீரோவில் இருக்கின்றன. வேட்டி கல்யாணம் காட்சிக்கு.

லேபிளுக்குப் படம் எடுக்க வந்த பையன், பச்சைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னான். மறுத்துவிட்டேன். நான் விவசாயி இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் வானம் பார்த்த மண்ணில் கடலை போடுகிறவர்களிடம் காசு கொடுத்து வாங்கி ஆட்டுகிறேன். அவர்கள் தோற்றத்தை எடுத்து என் பாட்டிலில் ஒட்டிக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. அதுவுமில்லாமல், ஓடுகிற செக்குக்குப் பக்கத்தில் துண்டோடு நிற்கிறவரைப் பார்த்தால் அவர் செக்கு ஓட்டியதில்லை என்று தொழில் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும்.

இதைவிடக் கறாராக நான் இருப்பது இன்னொரு விஷயத்தில். மரச்செக்கு எண்ணெய் சர்க்கரையைக் குறைக்கும், மாரடைப்பு வராது என்று எழுதி விற்கிறார்கள். நான் எழுத மாட்டேன். மருந்துத் தொழிலில் ஒரு வார்த்தை சொல்வதற்குப் பின்னால் எவ்வளவு சோதனை இருக்க வேண்டும் என்று பார்த்தவன் நான். செக்கு எண்ணெயோ ரீஃபைன்டோ, எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. "அண்ணே, தேங்கா எண்ணெய்ல கொலஸ்ட்ரால் இருக்கா?" என்று கேட்டால், "கொலஸ்ட்ரால் இல்லம்மா, ஆனா அதுல பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்துல கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும், அளவா சேருங்க" என்பேன். இதய மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். அப்படிச் சொல்லி அனுப்பியவர்கள் திரும்பி வந்து கடலை எண்ணெய் வாங்கியிருக்கிறார்கள். வாசனைக்காகவும் ருசிக்காகவும் வாங்குங்கள், அதற்கு நான் பொறுப்பு.

என் வயதில் இறங்க நினைப்பவர்கள் பணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். உணவு பதப்படுத்தும் சிறு தொழில்களுக்கு 2020-இல் வந்த மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.ஈ. திட்டத்தில் தொழில் தொடங்கும் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தார்கள். 10 சதவீதமாவது நம் கைக்காசு இருக்க வேண்டும், மீதி வங்கிக் கடன் என்றார்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றார்களே தவிர, 47 அதிகம் என்று சொல்லவில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு பாட்டில்கூட விற்காதீர்கள். அளந்து ஊற்றி விற்கவும் கூடாது, அடைத்துத்தான் விற்க வேண்டும்.

ரெப் வேலை எனக்குக் கற்றுக் கொடுத்த பொறுமை வீணாகவில்லை. எந்தக் கடையில் முதல்முறை வேண்டாம் என்றாலும் அடுத்த வாரம் அதே நேரத்துக்குப் போய் நிற்கிறேன். முன்பு என்னை "சார்" என்ற மருந்துக் கடைக்காரர்கள் சிலர் இப்போது "அண்ணே, வீட்டுக்கு அஞ்சு லிட்டர் போடுங்க" என்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எண்ணெயைத் தெளிய வைக்க வெயில் கிடைக்காது. அதனால் இந்தப் புரட்டாசி முழுக்க, தீபாவளிக்கு வேண்டியதையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருக்கிறோம். நல்லெண்ணெய்தான் அதிகம் கேட்கிறார்கள்.