ஸ்டெம் செல் வீடியோவும் எங்கட கிளினிக்கும்

கிளிநொச்சிப் பக்கம் மெடிக்கல் கிளினிக்கில வேலை செய்யிற நேர்ஸ் நான். பார்கின்சன் (மூளையில டோபமின் சுரக்கிற செல்லுகள் அழிஞ்சு உடம்பு அசைவு குறையிற வருத்தம்) எண்டு வாறவையின்ர வீட்டாக்கள் இப்ப குளிசையைப் பற்றிக் கேக்கிறதை விட வட்சப்பில வந்த வீடியோவைப் பற்றித்தான் கூடக் கேக்கினம். முதல்ல ஒராள் நடக்கேலாமல் காலை இழுத்து இழுத்து வருவார், பிறகு அதே ஆள் விறுக்கெண்டு நடப்பார், கீழ உங்கள் சொந்த ஸ்டெம் செல், பக்கவிளைவே இல்லை எண்டு எழுத்து ஓடும். ஸ்டெம் செல் எண்டா வேற செல்லா மாறக்கூடிய மூலச் செல், அதை அவரவர் உடம்பில இருந்தே எடுத்துத் திருப்பி ஏத்தினா பார்கின்சன் சுகமாகும் எண்டுதான் வீடியோ சொல்ல வாறது. கனடாவில இருக்கிற மகன் அனுப்பியிருப்பார், இஞ்ச அம்மா வயல் காணியை ஈடு வைக்கலாமோ எண்டு யோசிச்சுக் கொண்டிருப்பா.

அந்த ஆள் குளிசை போட்டு எவ்வளவு நேரம் எண்டதைத்தான் நான் முதல் தேடுவன், அது ஒரு வீடியோவிலயும் இருக்காது. புதுக்குடியிருப்பில இருந்து வாற ஐயா ஒராள், விடியவே பஸ் ஏறுறதால காலமைக் குளிசையைக் கிளினிக்குக்கு வந்துதான் போடுவார். வாங்கில இருக்கேக்க முகத்தில ஒரு அசைவு இல்லை, சேட்டுப் பட்டன் பூட்டக் கை வராது, மகள்தான் பூட்டி விடுவா. அந்தக் குளிசை லெவோடோபா, மூளைக்குள்ள போய் டோபமினா மாறும், அதைப் போட்டு முக்கால் மணித்தியாலம் போக அவரே எழும்பிப் பைப்படிக்கு நடந்து போய் முகம் கழுவுவார், வழியில என்னைக் கண்டா "மிஸி, சாப்பிட்டாச்சோ" எண்டு கேப்பார். இதை ரெண்டு துண்டா எடுத்து முன், பின் எண்டு போட்டா ஆரும் நம்புவினம், ஒரு செல்லும் ஏத்தத் தேவையில்லை.

ஸ்டெம் செல்லே பொய் எண்டு சொல்ல வரேல்லை. ஸ்டெம் செல் இருக்கிற என்பு மச்சையை மாற்றுறது இரத்தப் புற்றுநோய்க்கு உண்மையான வைத்தியம். ஆனா எங்கட மச்சையிலயோ கொழுப்பிலயோ எடுத்த செல் மூளைக்குள்ள போய் டோபமின் சுரக்கிற செல்லா மாறி வேலை செய்யுது எண்டு ஒருத்தரும் இன்னும் நிரூபிக்கேல்லை. நாளத்தால ஏத்தினா கனக்க நுரையீரலிலயே சிக்குப்படும், இரணைமடுக் குளத்தைத் திறந்தாலும் வாய்க்கால் இல்லாத வயலுக்குத் தண்ணி போகாது தானே. கியோட்டோ பல்கலைக்கழகம் 2018ல தொடங்கி 2025ல வெளியிட்டது வேற விஷயம், ஐபிஎஸ் செல்லை, அதாவது வளந்த ஆளின்ர சாதாரண செல்லைத் திருப்பி ஸ்டெம் செல்லா மாத்தினதை, லாப்பில வளத்து ஒப்பரேசன் செய்து மூளைக்குள்ளயே வைச்சவை, அதுவும் 7 பேருக்குத்தான், முதல்ல பாதுகாப்போ எண்டு பாக்கத்தான். அந்தச் செய்தியைக் காட்டிக் கொழுப்பு செல் ஊசி விக்கேக்கதான் எனக்குக் கோவம் வாறது.

போயிட்டு வந்தவர் சுகமா இருக்கு எண்டு சொல்றாரே, அவர் பொய்யோ சொல்றார் எண்டு கேப்பினம். இல்லை, அவருக்கு உண்மையாவே சுகமாத்தான் இருக்கும். இந்த வருத்தத்தில நம்பிக்கையே மூளையில டோபமினைச் சுரக்க வைக்கும், அதை 2001ல ஸ்கான் எடுத்தே காட்டிப் போட்டினம். அதே வருஷம் அமெரிக்காவில 40 பேரில பாதிப் பேருக்குக் கருவில எடுத்த செல்லை மூளைக்குள்ள வைச்சு, மற்றப் பாதிக்கு மண்டையில துளை மட்டும் போட்டு ஒண்டும் வைக்காமல் விட்ட ஆய்வு வெளிவந்தது. ஒரு வருஷத்தால உங்களுக்கு எப்பிடி இருக்கு எண்டு கேட்டா ரெண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை, செல் வைச்சவையில சிலருக்குப் பிறகு அடக்கேலாத உடம்பு முறுக்கு வந்தது. அந்த ஆக்களில சிலரை வைச்சு 2004ல எழுதினதில, தனக்குச் செல் வைச்சது எண்டு நம்பினவைதான் வாழ்க்கை நல்லாயிருக்கு எண்டு சொல்லியிருக்கினம், உண்மையில வைச்சதோ இல்லையோ. அதாலதான் ஒராளின்ர சாட்சியை மட்டும் வைச்சு நான் ஒண்டையும் நம்பிறேல்லை, ஒப்பிட ஆக்கள் இருந்தவையோ, ரெண்டு வருஷத்தால பாத்தவையோ எண்டுதான் கேப்பன்.

இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறம் எண்டு ஐயாவின்ர மகளும் கேட்டவா. அங்கத்தைய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின்ர 2017 வழிகாட்டியிலயே இரத்த நோயள் மாதிரி ஏற்கெனவே அங்கீகரிச்சதுகளுக்கு மட்டும்தான் இது வைத்தியம், மிச்சமெல்லாம் ஆய்வாத்தான் நடக்கவேணும், சேர்ற ஆளிட்டக் காசு வாங்கக்கூடாது எண்டு இருக்கு. லச்சக்கணக்கில பில் தந்தா அது ஆய்வில்லை எண்டு காசு அனுப்பப் போற உங்கட அண்ணாவிட்டச் சொல்லுங்கோ எண்டன்.

அந்த அண்ணா காசு அனுப்ப விரும்பினா அதில கக்கூசில பிடிச்சு எழும்ப ஒரு கம்பி பூட்டலாம், ஆஸ்பத்திரியில குளிசை முடியிற மாசத்தில வெளிய வாங்கலாம், பிசியோவுக்குக் கூட்டி வர ஓட்டோக்குக் குடுக்கலாம். குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடச் சொல்லி, மீன், இறைச்சியை இரவுக்குத் தள்ளச் சொல்லி, நேரத்தைக் கிளினிக் கொப்பியின்ர முன் மட்டையில பெரிசா எழுதிக் குடுத்திருக்கிறன்.