டிக்கிக்கு அடியில் இருக்கும் ஸ்டெப்னியிலிருந்து தொடங்குங்கள்

குடும்பத்தோடு நெடுந்தூரம் காரில் கிளம்பும்போது எல்லோரும் முதலில் எழுதுவது என்னென்ன கொண்டுபோவது என்கிற பட்டியல். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தி போட்டு, ஒவ்வொன்றும் எப்போது கைக்கு வேண்டும் என்றும் எழுதுங்கள். டிக்கியை அடுக்கும் வரிசை அந்த இரண்டாவது பத்தியிலிருந்துதான் வரும்.

பல கார்களில் ஸ்டெப்னி டிக்கியின் தரைப் பலகைக்கு அடியில் இருக்கிறது. டயர் பஞ்சரானால் மொத்தச் சாமானையும் சாலையோரம் இறக்கியாக வேண்டும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஜாக்கி, வீல் ஸ்பானர், டார்ச், எச்சரிக்கை முக்கோணம், கையுறை இவற்றை ஒரே பையில் போட்டு டிக்கியின் ஓரத்தில் ஆடாமல் சொருகி வைக்கலாம். வீல் நட்டுக்குத் தனிப் பூட்டு இருந்தால் அதன் சாவியும் அந்தப் பையில்தான். ஸ்டெப்னிக்குக் காற்று அடிக்கப் பலரும் மறந்துபோகிறார்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கேட்கும், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஸ்டெப்னியே இல்லாமல் பஞ்சர் திரவமும் சிறு கம்ப்ரெஸரும் மட்டும் வரும் கார் என்றால் திரவ டப்பாவின் காலாவதித் தேதியைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் எதற்கும் உதவாது.

அடுத்தது எடை. இடம் இருக்கும்வரை திணிக்கலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். 1,600 கிலோவில் 1,150 போனால் 450. மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் ஏறினாலே சுமார் 270 கிலோ போய்விடும். மிச்சம் 180 கிலோவுக்குள் பெட்டிகள், தண்ணீர், கூரைக் கேரியர் எல்லாம் அடங்க வேண்டும். கூரைக்குத் தனி வரம்பு உண்டு. அது 75 கிலோ என்றால் கேரியரும் மேல்பெட்டியும் சேர்த்துத்தான். அவையே 20, 25 கிலோ இருக்கும். மேலே போர்வை, துணி போன்ற லேசானவை மட்டும் போகட்டும். கனமானதை மேலே கட்டினால் வளைவுகளில் வண்டி சாயும், காற்று அடித்தால் அலையும்.

டிக்கியில் கனமானவை தரையோடு தரையாக, பின் சீட்டின் முதுகை ஒட்டி. சீட்டின் உயரத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பின் கண்ணாடிப் பலகையில் வைத்த ஒரு கிலோ சாமான் முப்பது கிலோ கனத்தோடு முன்னால் பாய்ந்து வரும். ஓட்டுநரின் காலடியில் உருளும் தண்ணீர் பாட்டிலையும் லேசாக எண்ண வேண்டாம். பிரேக் பெடலுக்கு அடியில் அது மாட்டிக்கொண்டால் மிதித்தாலும் பெடல் இறங்காது.

ஆளுக்கொரு பெட்டி என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வழியில் ஓர் இரவு மட்டும் தங்குவதாக இருந்தால், எல்லோருக்குமான ஒரு மாற்றுத் துணி, பல் துலக்கும் பொருட்கள், சார்ஜர் எல்லாம் ஒரே பையில். அன்றிரவு அதை மட்டும் இறக்கினால் போதும். மருந்துப் பை டிக்கிக்குள் போகவே கூடாது. இன்சுலின் போன்றவை வெயில் படாத இடத்தில் இருக்க வேண்டும், ஐஸை நேரடியாகத் தொடக் கூடாது.

டயர் காற்றுக்கு ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். முழுச் சுமைக்கான அளவைத் தனியாகப் போட்டிருப்பார்கள். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு அளக்க வேண்டும். காற்று குறைவாக இருந்தால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், வெடிப்பது அதனால்தான். ஓடிச் சூடான டயரில் அளவு கூடித் தெரியும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். டயரின் வயதையும் ஒரு முறை பாருங்கள்: பக்கச் சுவரில் 2319 என்று நான்கு இலக்கம் இருந்தால் 2019-இன் 23-ஆம் வாரத்தில் தயாரானது. பின்பக்கம் சுமை ஏறினால் ஹெட்லைட் மேல்நோக்கிப் பாயும். டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை உள்ள சக்கரத்தைத் திருப்பி ஒளியை இறக்கிக்கொள்ளுங்கள்.

மேப் எட்டு மணி நேரம் என்று சொன்னால், பிள்ளைகளோடு பத்து மணி என்று கணக்கிடுங்கள். இரண்டு மணிக்கொரு முறை கால் மணி நேரமாவது நிறுத்தம் வேண்டும். கைக்குழந்தையை அதற்கு மேல் சீட்டில் கட்டியே வைக்கக் கூடாது. பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புகிறவர்கள் நிறைய. பிள்ளைகள் தூங்குவார்கள், சரி. ஓட்டுகிறவருக்கும் உடம்பு தூங்கச் சொல்லும் நேரம் அதுதான், இரண்டிலிருந்து ஆறு வரை. ஆறு மணிக்கு மேல் கிளம்புவது நல்லது. ஓட்டப்போகிறவர் முந்தின இரவு மூட்டை கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சாயங்காலமே டிக்கி மூடியிருக்க வேண்டும்.

வாந்தி வரும் பிள்ளையை, சாலை நேராகத் தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். காது அசைவைச் சொல்கிறது, புத்தகத்திலோ போனிலோ பதிந்த கண் அசைவே இல்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டுகிறது. மருத்துவர் சொன்ன மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும், குமட்டத் தொடங்கிய பிறகு பலன் குறைவு. தூக்கம் வரவழைக்கும் மாத்திரையை ஓட்டுகிறவர் தொடவே கூடாது. மூடிபோட்ட டப்பா ஒன்று, டிஷ்யூ, ஒரு மாற்றுச் சட்டை, மூன்றும் கைக்கெட்டும் இடத்தில்.

கிளம்பி 50 கிலோமீட்டர் போனதும் ஒரு முறை நிறுத்திக் கூரைப் பட்டைகளை இழுத்துப் பாருங்கள். சாமான் அமுங்கி, கட்டு தளர்ந்திருக்கும்.