டி ஆன்சா நாட்குறிப்பு: முதல் குவார்ட்டர்

2023 ஆகஸ்ட் 14, திங்கள்

டி ஆன்சா கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. இது கம்யூனிட்டி கல்லூரி: இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டு, மூன்றாம் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். நான் கலிஃபோர்னியாவில் வசிப்பவன்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள். அப்பாவுக்காக அத்தை 2005ல் போட்ட குடியேற்ற மனு போன வருடம்தான் பலித்தது. பிளஸ் டூ முடித்த கையோடு அம்பாசமுத்திரத்திலிருந்து குடும்பமாக சன்னிவேலுக்கு வந்தோம். உடனே சேர்ந்திருந்தால் வெளிமாநில மாணவனுக்கான கட்டணம், பல மடங்கு அதிகம். ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வாழ்ந்ததைக் காட்டினால்தான் உள்ளூர்க் கட்டணம். அதனால் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டு காத்திருந்தேன். கூடப் படித்தவர்கள் ஊரில் இரண்டாம் வருடத்துக்குப் போய்விட்டார்கள் என்பது பல ராத்திரிகள் உறுத்தியது.

இப்போது, பாடங்களை அளக்கும் யூனிட் ஒன்றுக்கு 31 டாலர். முதன்முறையாக, அதுவும் முழுநேரமாகச் சேர்வதால் ப்ராமிஸ் திட்டத்தில் அதையும் கட்ட வேண்டாம். யு.சி. என்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே வருடத்துக்கு 13 ஆயிரம் டாலருக்கு மேல். தங்க, சாப்பிடத் தனி. அப்பா அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை.

2023 செப்டம்பர் 25, திங்கள்

முதல் குவார்ட்டரின் முதல் நாள். பருவத்தை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். 55ஆம் நம்பர் பஸ் கல்லூரி வாசலிலேயே இறக்கிவிடுகிறது.

கால்குலஸ் வகுப்பில் எனக்கு இடப்பக்கம் பள்ளியில் படித்துக்கொண்டே இங்கும் வரும் ஒரு பையன், வலப்பக்கம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். அவருக்கு முப்பது வயதிருக்கும். முன்வரிசையில் இரண்டு பிள்ளைகளின் அம்மா ஒருவர். இவர்கள் எல்லோருக்கும் மெக்கானிக்கலோ எலெக்ட்ரிகலோதான் குறி. ஆசிரியர் போர்டைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொருவர் பெயரையும் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டார். யு.சி.யில் இதே பாடத்தை நூற்றுக்கணக்கான பேர் அமரும் அரங்கில் எடுப்பார்களாம். இங்கே நாற்பது பேர்கூட இல்லை.

2023 அக்டோபர் 9, திங்கள்

இன்று கல்லூரியில் படிப்பு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரைப் பார்த்தேன். அந்த அரை மணி நேரத்தில் தலைகீழாக யோசிக்கக் கற்றுக்கொண்டேன்.

அவர் முதலில் திறந்தது அசிஸ்ட் இணையதளத்தை. நாம் படிக்கும் கல்லூரி, போக நினைக்கும் பல்கலைக்கழகம், படிப்பு மூன்றையும் கொடுத்தால் இங்குள்ள எந்தப் பாடம் அங்குள்ள எந்தப் பாடத்துக்கு ஈடு என்று வரிசையாகக் காட்டுகிறது. யு.சி. டேவிஸ் மெக்கானிக்கலுக்குப் பட்டியல் போட்டோம். பிறகு கடைசிப் பாடத்திலிருந்து பின்னோக்கி வந்தோம். கணிதத்தில் 1ஏ, 1பி, 1சி, 1டி, அதற்கப்புறம் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், லீனியர் ஆல்ஜீப்ரா. 1டி வரை ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. 1ஏ முடிந்தால்தான் இயற்பியல் 4ஏ, அங்கிருந்து 4டி வரை இன்னொரு சங்கிலி. ஸ்டாட்டிக்ஸ் என்கிற நிலையியல் பாடம் எடுக்க இயற்பியல் வேண்டும். எல்லாவற்றையும் குவார்ட்டர் குவார்ட்டராக அடுக்கினால் 2025 வசந்த காலத்தில் மிகச் சரியாக முடிகிறது. நடுவில் மூச்சு விட இடமில்லை. ஒரு பாடம் தவறினால், அது அடுத்து எந்தக் குவார்ட்டரில் நடத்தப்படும் என்பதைப் பொறுத்து ஒரு வருடமே தள்ளிப்போகலாம்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. டேக் என்கிற இட உத்தரவாதத்துக்குச் செப்டம்பர் மாதத்தில்தான் விண்ணப்பிக்க முடியும். ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம். டேவிஸ், எர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறும் தருகின்றன. அதிலும் எல்லாப் படிப்புக்கும் கிடையாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. 2025ல் மாற வேண்டுமென்றால் 2024 செப்டம்பரில் படிவம் போக வேண்டும். அன்றைக்கு என் கையில் இருக்கப்போவது இந்த முதல் வருட மதிப்பெண்கள் மட்டுமே. எல்லோரும் இரண்டு வருடக் கல்லூரி என்கிறார்கள். ஆனால் என்னை எடைபோட பல்கலைக்கழகம் பார்க்கப்போவது இந்த ஒரு வருடத்தை. இங்கே புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இதை முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டும்.

பொதுப்பாடங்களை முழுதாக முடித்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். இன்ஜினியரிங்குக்கு அது வேண்டாம், கணிதம், இயற்பியல், இரண்டு ஆங்கிலப் பாடங்கள், இவற்றுக்கு முதலிடம் கொடு என்றார்.

2023 அக்டோபர் 20, வெள்ளி

முதல் மிட்டெர்ம் முடிந்தது. குவார்ட்டரில் பன்னிரண்டு வாரம்தான், அதனால் பள்ளி மாதிரி பரீட்சை எங்கோ தூரத்தில் இல்லை. பிளஸ் டூவில் வகையிடல் படித்தது கைகொடுத்தது. ஆனால் ஒரு கேள்வியில் சூத்திரமே இல்லை. ஒரு வரைபடத்தை மட்டும் கொடுத்து, தொட்டியில் நீர் எங்கே வேகமாக ஏறுகிறது, ஏன், வாக்கியமாக எழுது என்றிருந்தது. எழுதி முடித்தபோது சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் நான் செய்தது கணக்கு, இன்று செய்தது யோசனை.

2023 நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அத்தை வீட்டில் எல்லோரும் கூடினோம். மாமா அதிரசத்தை நீட்டிக்கொண்டே கேட்டார்: “மருமகனே, கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சா நாளைக்கு டிகிரியில எந்தப் பேரு வரும்?”

“முடிக்கிற யுனிவர்சிட்டி பேருதான் மாமா. டேவிஸ்ல முடிச்சா டேவிஸ்.”

“அப்போ முதல்லயே அங்க போயிருக்கலாம்ல?”

அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமான அக்கறையில்தான் கேட்டார். அதனால் நானும் பொறுமையாகச் சொன்னேன். 1960ல் யு.சி.யின் தலைவராக இருந்த கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய திட்டத்தின்படி இந்த மாநிலத்தில் கம்யூனிட்டி கல்லூரியின் கதவு எல்லோருக்கும் திறந்தது. இங்கிருந்து வருபவர்களுக்கென மூன்றாம் வருடத்தில் யு.சி. இடம் வைத்திருக்கிறது. இது பின்வாசல் இல்லை, திட்டமிட்டுக் கட்டிய வழி. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் பெர்க்லிக்குப் போகும் முன் டி ஆன்சாவில்தான் படித்தார் என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அந்தப் பெயரைவிட வகுப்பில் வலப்பக்கம் உட்காரும் அந்த ராணுவக்காரர்தான் பெரிய சான்று. ஆனால் அதை மாமாவிடம் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை.

2023 நவம்பர் 30, வியாழன்

குளிர்காலக் குவார்ட்டருக்கு இயற்பியல் 4ஏ நிரம்பிவிட்டது, காத்திருப்புப் பட்டியலில் மூன்றாவது இடம் என்று போன வாரம் முழுக்கத் தூக்கமில்லை. இது கிடைக்காவிட்டால் 4டி, ஸ்டாட்டிக்ஸ் எல்லாமே நகரும். இன்று மத்தியானம் இடம் கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு போன் செய்தேன். என்ன பாடம் என்றுகூடக் கேட்காமல், “கிடைச்சிருச்சாய்யா!” என்று கத்தினாள்.

லேப் செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கடையில் அந்த ஷிஃப்டை சனிக்கிழமைக்கு மாற்றித் தரச் சொல்லி நாளைக்கே கேட்க வேண்டும்.