எழுத்தறிவு பெற்றவர் யார்?

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவரை எழுத்தறிவு பெற்றவர் என்று குறிக்கப் பள்ளிச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. ஏழு வயது நிறைந்திருக்க வேண்டும். ஏதேனும் ஒரு மொழியில் எழுதவும் படிக்கவும் தெரிய வேண்டும். படிப்பது புரியவும் வேண்டும். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். பிரெயில் முறையில் படிக்கும் பார்வையற்றவர் வருவார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏழு வயது நிறைந்தவர்களில் இத்தகையோர் சுமார் 80 சதவீதம். புரிய வேண்டும் என்ற நிபந்தனையே இதில் மிக முக்கியமானது என்று கருதுகிறேன். ஆனால், வீடு வீடாகச் சென்று குடும்பத்தார் சொல்வதைக் குறித்துக்கொண்டு போகும் கணக்கெடுப்பாளரால் சோதித்துப் பார்க்க முடியாததும் அதுதான்.

நகைக் கடன் வாங்க வங்கிக்கு வருபவர்களைக் கவனித்தால் இது விளங்கும். அலுவலர் பென்சிலால் குறியிட்ட இடங்களில் எல்லாம் பட்டதாரிகளும் மளமளவென்று கையெழுத்திட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வட்டி எவ்வளவு, தவணை தவறினால் எவ்வளவு கூடும், நகை எப்போது ஏலத்துக்குப் போகும் என்பதெல்லாம் அந்தத் தாள்களிலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. அண்மையில் என் முன்னால் நின்றிருந்த ஓர் அம்மா, தமிழில் இருந்த பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, ஓரிடத்தில் விரலை வைத்து, "ஏலம் விடுறதுக்கு முன்னாடி வீட்டுக்குக் கடுதாசி வருமா சார்?" என்று கேட்டார். பதில் கிடைத்த பிறகே, கோணல்மாணலாக, கையெழுத்திட்டார். அன்று அந்த வரிசையில் முழுமையாக எழுத்தறிவு பெற்றவர் என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியவர் அவர்தான்.

வயது வந்தோருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க, 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேரூன்றிய அறிவொளி இயக்கம் இதை நன்கு உணர்ந்திருந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், கல்குவாரிகளில் கூலிக்குக் கல் உடைத்துவந்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளையே குத்தகைக்கு எடுத்தார்கள். பிறர் சொன்ன கணக்கை நம்பிக் கூலி வாங்கியவர்களுக்குத் தங்கள் கணக்கைத் தாங்களே பார்க்க வேண்டிய தேவை வந்தது. எழுத்து அவர்களிடம் நிலைக்க அத்தகைய தேவை வேண்டும். அதே இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். சைக்கிளுக்கும் எழுத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. யாரையும் எதிர்பார்க்காமல் வகுப்புக்கும் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் போய்வர முடிந்தால்தானே கற்ற எழுத்துக்கு வேலை இருக்கும்?

இன்று நம் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் படிவம் நிரப்பும் வினா இருக்கிறது, நல்லது. அதனோடு ஒரு கடன் ஒப்பந்தத்தையும் கொடுத்து, கையெழுத்திடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதச் சொல்லும் வினாவையும் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.