முட்டுக்கட்டை

சங்ககிரியில் மாமாவின் லாரி ஷெட்டில் எடுபிடியாக இருந்தபோது நான் அதிகம் வாங்கிய திட்டு, “கட்டை எங்கடா?” என்பதுதான். ஜாக்கி போட்டு லாரியைத் தூக்கிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றக் குனிந்திருப்பேன். பின்னாலிருந்து மேஸ்திரியின் குரல் வரும். ஜாக்கி தூக்குறதுக்கு, தாங்குறதுக்குக் கட்டை என்பது அவர் கட்சி. அச்சுக்கு அடியில் மரக்கட்டை போகாமல் வண்டிக்கடியில் ஒருவனையும் விடமாட்டார்.

அதெல்லாம் பழங்கதை என்று நினைத்துக்கொண்டுதான் கனடாவுக்கு வந்தேன். கால்கரிக்கு வெளியே ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளைப் பழுது பார்க்கும் இடம். இங்கே இது தனித் தொழில். இதற்கென்று பயிற்சி, தேர்வு, நாடு முழுக்கச் செல்லுபடியாகும் ‘ரெட் சீல்’ சான்று எல்லாம் உண்டு. எனக்கு அப்போது எந்தச் சான்றும் இல்லை. கை வேலை தெரியும், அவ்வளவுதான்.

டிரக் கேம்பரை நான் முதலில் பார்த்தது அங்கேதான். பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் அப்படியே செருகி உட்கார வைக்கும் ஒரு சின்ன வீடு. அடுப்பு, ஃபிரிட்ஜ், சிலவற்றில் கழிவறைகூட இருக்கும். படுக்கை, டிரைவர் கேபினுக்கு மேலே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். டிரெய்லருக்கு இருப்பதுபோல் இதற்குச் சொந்தச் சக்கரம் கிடையாது. நான்கு மூலைகளிலும் நான்கு ஜாக்கிக் கால்கள் இருக்கும். கால்களை இறக்கி, வீட்டை ஒரு சாண் தூக்கி, டிரக்கை முன்னால் ஓட்டிவிட்டால் வீடு தனியாக நிற்கும். திரும்ப வேண்டுமென்றால் டிரக்கை ரிவர்ஸில் அதற்கடியில் கொண்டுவர வேண்டும்.

சொல்லும்போது சுலபம்தான். ஆனால் அந்த வீட்டின் எடை ஒரு டன்னுக்கு மேல். பெரிய மாடல் என்றால் ஒன்றரை டன்னைத் தாண்டும். அதுவும் காலியாக இருக்கும்போது. தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் பிடித்தால் அதற்கு மட்டும் 150 கிலோ. அப்புறம் கேஸ் சிலிண்டர், பேட்டரி, டப்பா டப்பாவாகச் சாப்பாடு. இத்தனையும் கைமுட்டி அகலத்தில் நான்கு இரும்புக் கால்கள்மேல் நிற்கிறது.

இறக்கும் வேலையில் முதலில் குழப்பியது டிரக்கின் ஸ்பிரிங் பட்டைகள். நான்கு கால்களும் தரையைத் தொட்டுவிட்டன, ஸ்விட்சை அழுத்துகிறேன், கேம்பர் மேலே போகிறது. டிரக்கின் தொட்டியோ அதை விடாமல் கூடவே வருகிறது! எடை குறையக் குறைய டிரக்கின் பட்டை நிமிர்கிறது என்பது புரியச் சில நொடிகள் பிடித்தன. மூன்று நான்கு அங்குலம் இப்படியே போன பிறகுதான் இடைவெளி தெரியும். இந்த இடத்தில் சிலருக்குப் பயம் வந்துவிடும். எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பார்கள். சில சமயம் நிஜமாகவே மாட்டித்தான் இருக்கும். கேம்பரை டிரக்கோடு இழுத்துக் கட்டியிருக்கும் டர்ன்பக்கிள் நான்கில் ஒன்றைக் கழற்ற மறந்திருப்பார்கள். ஜாக்கிகள் டிரக்கையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். அதைவிடச் சகஜமானது, தொட்டியின் முன்பக்கம் செருகியிருக்கும் மின்சார பிளக்கை மறப்பது. டிரக் நகர்ந்ததும் ஒயர் பிய்ந்து தொங்கும். வசந்த காலத்தில் வாரத்துக்கு இரண்டு பிளக்காவது மாற்றுவோம்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பட்டறையின் மூத்த மெக்கானிக். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. இங்கே எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு வரவில்லை. ஆறு மாதம் ‘சார்’ என்றே ஓட்டினேன், அவருக்கு அது பெரிய வேடிக்கை. அவர் முதலில் சொன்னது: மூக்கு எப்போதும் ஒரு அங்குலம் மேலேயே இருக்கட்டும். தூக்கும்போது முன்னங்கால்கள் முதலில், இறக்கும்போது பின்னங்கால்கள் முதலில். படுக்கை முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், மூக்கு தாழ்ந்தால் எடை முன்னே சாய ஆரம்பிக்கும். சாய்ந்தால் கால்கள் செங்குத்தாக நிற்காது. ஜாக்கிக் கால் மேலிருந்து வரும் எடையை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும்போல் நிற்கும். பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் மடங்கிவிடும். அதனால்தான் ரிவர்ஸ் வரும்போது தொட்டியின் விளிம்பு காலில் உரசுவதற்கு நாங்கள் அவ்வளவு பயப்படுவோம். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள டிரக் என்றால் முன்னங்கால்களை வெளியே விரித்து வைக்க ஒரு மடக்குக் கை இருக்கும். இடம் கிடைக்கும், ஆனால் கேம்பரின் மூலையில் விழும் நெம்பலும் கூடும்.

அடுத்து அவர் சொன்னதை நான் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. நான்கு காலும் சமமாகத் தூக்குகின்றன என்று நம்பாதே என்றார். டீக்கடை முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும், இல்லையா? நான்கு கால் உள்ள எதுவும் மேடுபள்ளமான தரையில் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்கள்மேல்தான் நிற்கும். மூன்றாவது லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும், நான்காவது சும்மா. கேம்பரும் அப்படித்தான். ஒரு மூலை ஜாக்கியை மட்டும் கொஞ்சம் அதிகம் தூக்கினால் அதுவும் அதற்கு எதிர்மூலையும் மொத்த எடையையும் வாங்கிக்கொள்ளும். கால்வாசி எடையைச் சுமக்க வேண்டிய ஜாக்கி, இப்போது பாதியைச் சுமக்கிறது. பேட்டரி பலவீனமாக இருந்தால் மோட்டார்கள் ஒரே வேகத்தில் ஓடாது, இந்தக் கோளாறு தானாகவே வரும். அதனால் இரண்டு அங்குலம் தூக்கினால் நிறுத்து, சுற்றி வந்து பார், வாசல்படியில் ரசமட்டம் வை, மறுபடி தூக்கு. எனக்கு அது கிழவரின் அதிஜாக்கிரதையாகத் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம். குளிர் மைனஸ் 18. ஒரு வாடிக்கையாளரின் கேம்பரை முற்றத்தில் இறக்கினேன். தரை பாறை மாதிரி இருந்தது. கால்களுக்கு அடியில் பலகை வைத்தேன், நல்ல பிள்ளையாக. டிரக்கை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் கால்களைச் சுருக்கி கேம்பரைத் தாழ இறக்கி, தளத்துக்கடியில் கட்டை கொடுக்க வேண்டும். கால் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. விரல் மரத்துப் போயிருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைப் பூட்டிவிட்டேன். வீட்டுக்குப் போகும்போது மேற்கே மலைகளுக்கு மேல் மேகம் ஒரு வில் மாதிரி வளைந்து, அதற்குக் கீழே வானம் தெளிவாக ஆரஞ்சு நிறத்தில் கிடந்தது. போட்டோகூட எடுத்தேன்.

ஊர்க்காரர்கள் அந்த வில்லைப் பார்த்தால் போட்டோ எடுக்கமாட்டார்கள், கோட்டைக் கழற்றுவார்கள். ராக்கி மலையைத் தாண்டி இறங்கும் சினூக் காற்றின் அடையாளம் அது. மலையின் அந்தப் பக்கம் ஈரத்தைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் சரிவில் இறங்க இறங்கச் சூடாகிக்கொண்டே வரும். ஒரே இரவில் இருபது டிகிரிக்கு மேல் ஏறுவதும் இங்கே நடப்பதுதான். காலையில் நான் வந்தபோது பிளஸ் 7. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, காற்று ஆளைத் தள்ளியது.

நான் பாறை என்று நினைத்தது தரையே இல்லை. வண்டிகள் ஏறி ஏறி இறுகிப்போன பனி. வலது முன்னங்காலின் பலகை ஒரு சாண் உள்ளே போயிருந்தது. கேம்பர் மூக்கை வலது பக்கம் கவிழ்த்து, உயர்ந்த கால்கள்மேல் காற்றுக்கு லேசாக ஆடியது. எடை முழுவதும் இடது முன்மூலைக்கும் வலது பின்மூலைக்கும் போயிருந்தது. இடது முன்மூலையில் ஜாக்கியைப் பிடித்திருக்கும் இரும்புத் தகடு, சுவரை விட்டு ஒரு விரல் அளவு வெளியே வந்திருந்தது.

என் முதல் எண்ணம், ரிமோட்டை எடுத்துப் புதைந்த காலை நீட்டி நிமிர்த்திவிடலாம் என்பது. யாரும் பார்ப்பதற்குள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரிமோட்டைக் கையில் எடுத்தும்விட்டேன். பெரியவர் வந்து அதை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. தளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பல வருடம் கழித்து, வேறு பாஷையில், அதே “கட்டை எங்கடா?”

காற்று தணியும்வரை ஒருவரும் கிட்டே போகக்கூடாது என்று சுற்றிலும் கயிறு கட்டினார். அதற்குள் நாங்கள் பட்டறைக்குள் நாலுக்கு நாலு மரக்கட்டைகளை இரண்டு இரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி இரண்டு முட்டுகள் கட்டினோம். எத்தனை வரிசை என்று நான்தான் கணக்குப் போட்டேன், தப்பாகப் போட்டேன். கடையில் நாலுக்கு நாலு என்று விற்கும் கட்டை இழைத்த பிறகு மூன்றரை அங்குலம்தான். ஒரு வரிசைக்கு மேல் குறைந்தது. மேலே பலகையும் ஆப்பும் வைத்து ஒப்பேற்றினோம். பனியைச் சுரண்டிச் சரளை தெரிந்த இடத்தில், சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து, ஃபோர்க்லிஃப்டில் ஏந்தி முட்டுகளைத் தளத்துக்கடியில் விட்டார். ஒருவர் கைகூட உள்ளே போகவில்லை. பிறகு தூரத்தில் நின்று ரிமோட்டில் பின்னங்கால்களை ஒரு விரல்கடை சுருக்கினார், அப்புறம் முன்னங்கால்களை. மரம் ஒரு முறை முனகியது. கேம்பர் உட்கார்ந்தது. ஆட்டம் நின்றுவிட்டது.

தகடைக் கழற்றினால், திருகாணிகளோடு உள்ளிருந்த மரம் ஈரமான பிண்ணாக்கு மாதிரி உதிர்ந்தது. பழைய கசிவு. சட்டம் மரத்தால் ஆன கேம்பர்களில் இது அடிக்கடி பார்ப்பதுதான். தகடுக்குப் பின்னால் போட்ட பசைப்பட்டை காய்ந்து வெடித்ததும், திருகு போன ஓட்டை வழியாகவே மழைத் தண்ணீர் உள்ளே போகும். இந்தத் தகவல் எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பது உண்மை. மரம் முன்பே உளுத்திருந்தது, என் தப்பு இல்லை என்று இரண்டு நாள் எனக்கு நானே வாதாடினேன். பெரியவர் வாடிக்கையாளரிடம் இரண்டையும் சொன்னார்: மூலை உளுத்திருந்தது, ஆனால் அதைப் பிய்த்தது நாங்கள். மரம் உங்கள் செலவு, கூலி எங்களது. அந்த மனிதர் கொஞ்ச நேரம் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன கோடையில் கேம்பர் ஜாக்கிகளில் நிற்கும்போதே குழந்தைகள் உள்ளே தூங்கினார்கள் என்றார். அடியில் ஏதும் வைத்திருந்தீர்களா என்று நாங்கள் கேட்கவில்லை.

தமிழில் முட்டுக்கட்டை என்றால் காரியத்துக்குத் தடை. அந்தச் சொல்லை யார் அப்படித் திருப்பிவிட்டார்களோ, லாரி ஷெட் பக்கம் வந்திருக்கமாட்டார்கள்.

பெரியவர் ஓய்வு பெற்றபோது தன் கருவிப் பெட்டியை விற்றுவிட்டார். கட்டைகளை மட்டும் எனக்கு விட்டுப்போனார். முனைகளில் ஆரஞ்சு பெயின்ட் அடித்த நாற்பது கட்டைகள். மாதம் ஒருமுறை எண்ணுவேன். போன வாரம் முப்பத்தொன்பதுதான் இருந்தது. தேடினால், அலுவலகக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க யாரோ அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.