மாருதி 800-இல் வந்த ஆட்டுக்கல்

கும்பகோணத்துக்கு அருகே இருந்த தாத்தா வீட்டை விற்றபோது, அங்கிருந்த ஆட்டுக்கல்லும் அம்மியும் சென்னைக்கு வந்தே ஆக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டதால், மினி லாரிக்குச் செலவழிக்க மனமில்லாமல் என் பழைய மாருதி 800-ஐயே எடுத்துக்கொண்டு போனேன். 796 சிசி எஞ்சினும் 12 அங்குலச் சக்கரங்களும் கொண்ட அந்த வண்டியின் எடை ஏறத்தாழ 650 கிலோ. வண்டியும் ஆட்களும் சுமையும் சேர்ந்து 1000 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதால், ஏற்றுவதற்கு மிஞ்சுவது 350 கிலோதான். எனக்கும் மாமாவுக்குமாக 130 கிலோ, கற்களுக்கும் குழவிகளுக்கும் உத்தேசமாக 90 கிலோ என்று கழித்துப் பார்த்து, ஊரில் கொடுத்த ஆறு 25 கிலோ அரிசிச் சிப்பங்களில் ஒன்றைத் திண்ணையிலேயே இறக்கி வைத்தேன். மாமாவுக்கு அதில் வருத்தம்தான்.

கணக்கு சரியாக இருந்தும் வண்டி சரியாக ஓடவில்லை. சாமான் என்றால் டிக்கி என்ற பழக்கத்தில் கற்களையும் சிப்பங்களையும் அங்கேயே அடைத்திருந்தோம். பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் எடை ஏற்றக்கோல்போல வண்டியின் முன்பகுதியைத் தூக்கிவிடுகிறது. மாருதியிலோ எஞ்சின் இழுப்பதும் ஸ்டீயரிங் திருப்புவதும் முன் சக்கரங்களைத்தான் என்பதால், அவை தரையை அழுத்திப் பிடிக்காமல் ஸ்டீயரிங் காற்றில் சுற்றுவதுபோல இலேசாகிவிட்டது. விடிவதற்கு முன்பே கிளம்பியிருந்தோம். முகப்பு விளக்குகள் சாலையை விட்டுவிட்டுப் புளியமரக் கிளைகளைக் காட்டிக்கொண்டிருக்க, எதிரில் வந்தவர்கள் கண் கூசித் திட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் சைலன்சர் உரசியது. அணைக்கரையில் கொள்ளிடத்துப் பழைய பாலத்தில் கனரக வாகனங்களுக்குத் தடை இருந்த காலம் அது. எங்களையும் நிறுத்திவிடுவார்களோ என்று மாமா மெய்யாகவே கவலைப்பட்டார்.

சேத்தியாத்தோப்பில் தேநீர்க் கடை ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் இறக்கினோம். இடப்பக்க முன் இருக்கையை முன்னால் தள்ளி, அதற்கும் பின் இருக்கைக்கும் இடையிலுள்ள தரையில் சாக்கை விரித்து, அசைய வழியில்லாதபடி ஆட்டுக்கல்லை இறுக்கி உட்கார வைத்தோம். அம்மியை முன் இருக்கையின் கால்வைக்கும் இடத்தில் கிடத்தினோம். குழவிகளைத் தனியே சாக்கில் கட்டினோம். திடீரென்று பிரேக் போட்டால் உருண்டு வந்து பெடலுக்கு அடியில் சிக்கக்கூடியவை அவைதான். டிக்கியில் இரண்டு சிப்பங்களை மட்டும் விட்டுவிட்டு, மீதி மூன்றையும் பின் இருக்கையில் மாமாவுக்குப் பக்கத்தில் அடுக்கினோம். பெட்ரோல் பங்க்கில், முழுச் சுமைக்கென்று கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குப் பின் டயர்களில் காற்றை ஏற்றினேன். காற்றுக் குறைந்த டயர் சுமையோடு நெளிந்து நெளிந்து சூடேறித்தான் வெடிக்கிறது.

சுமையில் ஒரு கிலோகூடக் குறையவில்லை, ஆனாலும் வேறு வண்டியை ஓட்டுவதுபோல இருந்தது. பிரேக் பிடித்து நிற்க மட்டும் வழக்கத்தைவிட நெடுந்தூரம் தேவைப்பட்டதால், விக்கிரவாண்டி தாண்டி நாற்கர சாலைக்கு வந்த பிறகும் அறுபதைத் தாண்டவில்லை.

வீட்டில் இறக்கியபோது அடுக்குமாடிக் காவலாளி லிஃப்டில் எழுதியிருந்த '4 பேர், 272 கிலோ' என்பதை இரண்டு முறை படித்துவிட்டு, ஆட்டுக்கல்லை மட்டும் தனியாக மேலே அனுப்பினார். நாங்கள் படியேறிப் போனோம்.