மெயில் போடுங்க, அண்ணாச்சி

நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சொன்ன விதம் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் மெஷின் கடையின் புனலூர் கிளையில் ஒருவர் வேலையை விட்டுப் போன கையோடு, எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வேறு கடையிலிருந்து ஃபோன் போக ஆரம்பித்தது. பட்டியலை எக்ஸ்போர்ட் செய்தது யார் என்று லாக்கைப் பார்த்தால் ‘சர்வீஸ்’ என்று ஒரே பெயர். இரண்டு கிளை மெக்கானிக்குகளும் அந்த ஒரே ஐடியில்தான் இருந்தார்கள். செங்கோட்டைக் கிளை மெக்கானிக் அண்ணாச்சியும்தான். அப்படியென்றால் சந்தேகம் அவர் மேலும் விழும், இல்லையா?

முதலாளி சொன்னபடி ஆளுக்கொரு லாகின் போட்டேன். வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் எங்கள் மென்பொருளான ஜோஹோ சி.ஆர்.எம்.மில் ஒருவர் என்னென்ன செய்யலாம் என்பதை ப்ரொஃபைல் சொல்லும். யாருடைய பதிவுகளைப் பார்க்கலாம் என்பதை ரோல் சொல்லும். ப்ரொஃபைலில் எக்ஸ்போர்ட்டை எடுத்துவிட்டேன். ரோலைக் கிளைவாரியாகப் பிரித்தேன். ஜி.எஸ்.டி. எண் கேரளத்தின் 32-ல் தொடங்கும் பில் என்றால் புனலூர், தமிழ்நாட்டின் 33 என்றால் செங்கோட்டை. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பைக் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. எங்கள் கடையோடு தெருவையே விற்றாலும் அவ்வளவு தேறாது.

ஆனால் செங்கோட்டையே 1956 வரை கேரளப் பக்கத்து ஊர்தானே. இங்கே வீடு, ஆரியங்காவில் ரப்பர் என்று இருப்பவர்கள் நிறைய. பில் புனலூரில் போடுவார்கள்; மெஷின் மக்கர் செய்தால் செங்கோட்டை அண்ணாச்சியைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படி ஒரு தோட்டத்திலிருந்துதான் அண்ணாச்சி பேசினார். புனலூர் பதிவு இப்போது அவர் லாகினில் தெரியாதே. புல்வெட்டும் மெஷினுக்கு வாரண்டி இருக்கிறதா, கார்புரேட்டர் ஏற்கெனவே மாற்றியதா என்று பார்க்க வேண்டுமாம்.

“தம்பி, அஞ்சு நிமிஷம் தொறந்து விடு.”

“மெயில் போடுங்க, அண்ணாச்சி. முதலாளியையும் சிசி-யில வச்சிருங்க.”

“மழையில நிக்கேன்டே.”

“அப்போ நானே பாத்துச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். மத்தளம்பாறையில ஜோஹோக்காரங்க ஆபீஸ் இருக்குல்லா, அங்கேயே கேட்டுக்கிடுதேன்.”

சிரித்துக்கொண்டேதான் வைத்தார். நானே பார்த்துச் சொல்கிறேன் என்றேனே என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் அது இரண்டாவதாகத்தான் வாயில் வந்தது.

அந்த டேட்டாபேஸின் பழைய பதிவுகள் எல்லாம் அவருடைய பாக்கெட் நோட்டைப் பார்த்து நான் டைப் செய்தவை. ஆயில் கறை படிந்த பக்கங்களில் பெயருக்குப் பதில் ‘தாடிக்காரர்’, ‘பலாமரத்து வீடு’ என்றெல்லாம் இருக்கும். நோட்டு இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. அதை எந்த ப்ரொஃபைலில் போய் எடுப்பது?

இருந்தாலும், அவர் நல்லவர் என்று அவருக்கு மட்டும் திறந்துவிட்டால் மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு தடவை ஃபோனில் திறந்தால் அடுத்த வாரம் எல்லாரும் ஃபோனில்தான் கேட்பார்கள். அப்புறம் பழைய கதைதான். இப்படி யோசித்தால் மனசு சமாதானமாகிவிடுகிறது, அடுத்த மழை வரைக்கும்.

பிறகு எல்லைப் பக்கத்துப் பதிவுகளை இரண்டு கிளையும் பார்க்க மட்டும் முடிகிற மாதிரி மாற்றினேன். அண்ணாச்சி குறையொன்றும் சொல்லவில்லை. ஆனால் முன்பெல்லாம் குறிப்புக் கட்டத்தில் “நாயைக் கட்டச் சொல்லிட்டு உள்ளே போகணும்”, “அம்மாவுக்குக் காது கேக்காது, மகளுக்கு ஃபோன் பண்ணணும்” என்று எழுதுவார். இப்போது “வேலை முடிந்தது”, அவ்வளவுதான். அந்தக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டியதாக்கிவிடலாமே என்கிறான் புதிதாக வந்த பையன். ஏற்கெனவே கட்டாயம்தான். அதனால்தான் அந்த இரண்டு வார்த்தையாவது வருகிறது.